பள்ளத்து வீடுகள்

ஒன்பது நாள் கழித்துத்தான் ஞானப்பூ அம்மாளின் கதவை உடைத்தார்கள். அப்போதும் அவரைத் தேடி யாரும் வரவில்லை. மேல்வீட்டுக் குழாய் கசிகிறதென்று பார்க்க வந்த பிளம்பர் இரண்டு தடவை தட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் காவலாளியைக் கூப்பிட்டான். வயது அறுபத்தொன்று. மாரடைப்பு. கீழே விழுந்த பிறகு ஒரு பகல் முழுக்க உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். கதவுக்கு வெளியே லிஃப்ட்டுக்குப் போகிற நடை. அந்த ஒன்பது நாளும் ஜனங்கள் அதில் போய்வந்தபடிதான் இருந்தார்கள்.

புதுத்துறையில் இப்படி நடப்பது ஏழாவது தடவை. ஏழு கதவு எண்களும் நளாயினிக்கு மனப்பாடம். அந்த வீடுகளை அந்த ஏழு பேருக்கும் ஒதுக்கியதே அவள் எழுதிய கணினி நிரல்தான்.

கடல் பதினோரு கரையூர்களை விழுங்கிய பிறகு, உள்ளே தள்ளிச் செம்மண் மேட்டில் இருபத்தாறு அடுக்ககங்கள் கட்டி அத்தனை ஜனங்களையும் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஒன்பதாயிரம் வீடு. யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்னால் கட்டிய ஊர்களில் பார்த்தாகிவிட்டது. கோஷ்டி, வெட்டுக்குத்து, பாதி வீடுகளுக்குப் பூட்டு. அதனால் இந்த ஊருக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுக் குடிவைத்தார்கள். கணக்குப் போட்டவள் நளாயினி. கோவில்பட்டிக்காரி, நாற்பத்துநாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரை வகுத்தவர்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு இருந்ததால், நாலு வருஷமாக அவளும் ஏழாவது அடுக்ககத்தில் ஒரு வீட்டில் இருந்தாள்.

கணக்கு பலித்தது. புதுத்துறையில் ஒரு பெரிய சண்டை கிடையாது. வெளிமாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, குறித்துக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு கதவு நிலையிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண் பதித்திருந்தார்கள். அது முகம் பார்க்காது, பேச்சு கேட்காது. வாசலில் இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் நின்றால் ஒன்று என்று எண்ணி, எத்தனை நேரம் என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணிக்கை கூடக்கூட நளாயினியின் திரையில் அந்த வீடு சிவக்கும். ஊரை மொத்தமாகப் பார்த்தால் திட்டுத் திட்டாகச் சிவப்பு. திட்டுகளுக்கு நடுவில் வெள்ளை. வெள்ளையில் இருநூற்றுப் பதினாலு வீடுகள். ஏழு சாவும் அந்த வெள்ளையில்தான்.

அந்தச் சாவுகளுக்காக அமைத்த விசாரணைக் குழு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. முறையில் பிழை உண்டா? 'இல்லை' என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம், உண்மையும் அதுதான். அந்தச் சொல்லை இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தாள். வெள்ளையில் ஒரு மனுஷர் எப்படி இருக்கிறார் என்று அவள் போய்ப் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வெள்ளை வீடுகளின் பட்டியலில் முதலாவதாக இருந்த கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

பத்தொன்பதாவது அடுக்ககம். ரோச் என்பவரின் வீடு. நாற்பத்தேழு வயது, தனியாள், நீரேற்று நிலையத்தில் வேலை. அவள் தட்டியதும் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"எந்த வீட்டுக்கு வந்திய?" என்றார்.

"இந்த வீட்டுக்குத்தான். விசாரணை விஷயமா வந்திருக்கேன்."

அவர் முகம் மாறியது. எந்த விசாரணை என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தான் சுவரோரமாக நின்றுகொண்டார். நாலு வருஷமாக இதை எதிர்பார்த்துத்தான் இருந்ததாகச் சொன்னார். அவள் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் ஏறிய அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அன்று காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த தாய் சிலுவையம்மாளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி ரோச்சிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பத்து மணிக்குத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அவர் வள்ளத்தில் முதலில் இன்ஜினை ஏற்றினார், பிறகு வலைகளை. அந்த வீட்டைத் தாண்டும்போது கிழவி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஒரே ஒரு தடவை. வள்ளத்தைத் திருப்பினால் கவிழும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர் திருப்பவில்லை. முகாமில் மரியபுஷ்பம் வந்து கேட்டபோது, போவதற்குள் வீடு மூழ்கிவிட்டது என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நம்பிட்டான்னுதான் நெனச்சேன் மேடம். இங்க வந்தப்பொறவுதான் தெரிஞ்சிது. ஒருத்தரும் என் வாசல்ல காலு வைக்கல. எங்க ஊருல பத்தடி நடந்தா பத்து பேரு கூப்பிடுவான். இங்க என்னையக் கண்டா தலையக் குனிஞ்சிட்டுப் போறான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. வாயால சொல்லாம ஊரே சேர்ந்து தண்டிக்காவ. சரி, பட வேண்டியதுதான்னு இருக்கேன்."

அவர் வீட்டைப் பற்றி நளாயினிக்கு முழுக்கத் தெரியும். கதவு மேற்குப் பார்த்து, நடையின் வளைவுக்கு அப்புறம் இருந்தது. லிஃப்ட் திறக்கிற பக்கம் வேறு. அவர் வேலைக்குப் போகிற நேரம் மற்றவர்கள் வீடு திரும்புகிற நேரம். அங்கே ஒரு மகானைக் குடிவைத்திருந்தாலும் அறுபது நாளில் இப்படித்தான் ஆகியிருக்கும். இதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் இந்த மனுஷரின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும் என்று நினைத்தாள்.

"அண்ணாச்சி, நான் அந்த விசாரணைக்கு வரல. நீங்க சொன்னது இங்க ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"கடற்கரை மணல்ல வரி வரியா விழுந்திருக்குமே, பாத்திருப்பீங்க. அதை யாரும் வரையல. ஒரே காத்து, ஒரே மணல். கொஞ்சம் மணல் ஒரு இடத்துல குவிஞ்சா, அது பக்கத்துல பறக்கிற மணலையும் தடுத்துத் தன்கிட்ட சேத்துக்குது. சேரச் சேர மேடு. அந்த மேடு இழுத்துக்கிட்டதனால அதுக்கு அடுத்தாப்புல பள்ளம். எந்த மணல் மேட்டுல இருக்கணும், எது பள்ளத்துல இருக்கணும்கிறதுக்கும் மணலோட குணத்துக்கும் சம்பந்தமில்ல. ஜனங்களும் அப்படித்தான். ஒரு வாசல்ல நாலு பேர் நின்னு பேசினா, அஞ்சாவது ஆளு அங்கதான் போவாரு. அவருக்கு இருக்கிற நேரம் அதோட தீர்ந்துடும். நடுவுல இருக்கிற வீட்டுக்கு மிச்சம் ஒண்ணும் வராது. இந்த ஊருல அப்படி இருநூத்திப் பதினாலு வீடு. இது ஒரு விதி."

"விதின்னா, தலைல எழுதுததா?"

"அந்த விதி இல்ல. கணக்கு விதி. ஆனா அதே மாதிரி தப்பாது."

பள்ளத்தில் யாரைப் போடுவது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று அவர் கேட்டார். அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். நாலு பேர் உள்ள குடும்பத்தைப் போட்டால் நாலு பேருக்குக் கஷ்டம், தனியாளைப் போட்டால் ஒருவருக்குத்தான் என்று கணக்கு. அந்த வரியை எழுதியது தான்தான் என்று ஒளிக்காமல் சொன்னாள். அதோடு நிறுத்த முடியாமல், "நானும் தனியாள்தான் அண்ணாச்சி. எனக்கும் பள்ளத்து வீடாத்தான் இருக்கும். என் வாசல்லயும் யாரும் நின்னதில்ல" என்றாள். அதுவரை யாரிடமும் அவள் சொல்லாதது அது. சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் லேசாக இருந்தது.

ரோச்சுக்கு லேசாகவில்லை. மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"அப்பம் என் மேல ஒருத்தருக்கும் கோவமில்ல."

"இல்ல."

"நான் ஒருத்தன் இங்க இருக்கேங்கதே அவியளுக்குத் தெரியாது."

அவர் எழுந்து போய் அடுப்பில் இருந்த கடுங்காப்பியை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவள் குடித்து முடித்ததும் வாசல்வரை வந்தார், போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நாலு வருஷம் ஊரே தன்னைத் தண்டிக்கிறது என்று நம்பி வாழ்ந்தவரிடமிருந்து அந்த ஊரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்பது, படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் தன் அலுவலகத்தின் இயக்குநர் திருவாழியைப் பார்த்தாள். பள்ளத்து வீட்டுக்காரர்களை வேறு வீடுகளுக்கு மாற்ற வேண்டும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பள்ளத்தைத் தூர்க்க முடியாது, இவரை எடுத்தால் இன்னொருவர் விழுவார், மாதாமாதம் மாற்றி மாற்றிக் குடிவைத்தால் மேடும் கரைந்துபோகும், பழைய ஊர்களின் வெட்டுக்குத்துதான் திரும்பும் என்றார். எல்லாமே அவள் சொல்லிக்கொடுத்தவை. "இருநூத்திச் சொச்சம் பேரோட கஷ்டத்துல முப்பதாயிரம் பேர் நிம்மதியா இருக்காங்க. இது நீங்க கண்டுபிடிச்சதுதானே நளாயினி?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் புரட்டினார்.

பதினோரு நாள் கழிந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் திரையைத் திறந்தபோது, பத்தொன்பதாவது அடுக்ககத்து வெள்ளையில் நூலிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ரோச்சின் வாசலில் யாரோ நின்றிருக்கிறார்கள். அரை நிமிஷமல்ல, ஐம்பது நிமிஷம். இரண்டு நாள் விட்டு மறுபடியும். விதிப்படி அப்படி நடக்க வழியில்லை. கண் பழுதாகியிருக்கும் என்று ஆளை அனுப்பிப் பார்த்தாள். கண் நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே போனாள். இந்தத் தடவை ஒரு தட்டிலேயே கதவு திறந்தது. ரோச் முகம் சவரம் செய்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

அவள் வந்துபோன பிறகு நாலு நாள் அவரால் சாப்பிட முடியவில்லையாம். ஐந்தாம் நாள் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பதினோராவது அடுக்ககத்துக்கு நடந்தே போய் மரியபுஷ்பத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். வீடு நிறைய ஆட்கள். எல்லார் முன்னாலும் இன்ஜின், வலை, கிழவி கூப்பிட்டது, தான் திரும்பாதது என்று எதையும் விடாமல் சொன்னார். மரியபுஷ்பம் கதவைச் சாத்தினாள். அடுத்த நாலு நாளும் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தார். ஐந்தாம் நாள் அவள் வந்தாள்.

"அந்தா அங்கனதான் நின்னா. ஒரு மணி நேரம் ஏசினா மேடம். எங்கம்மா எப்படிக் கூப்பிட்டா, எந்தக் குரல்ல கூப்பிட்டான்னு கேட்டா. சொன்னேன். காறித் துப்பினா. போனா. முந்தாநாளு மறுபடியும் வந்தா. கேக்காம விட்ட ஏதோ பாக்கி இருந்திருக்கு."

"மன்னிச்சாங்களா?"

"எப்படி மன்னிப்பா? மன்னிக்க மாட்டா." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா வருவா. இன்னும் கேக்க வேண்டியது இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. அது பயமா நிம்மதியா என்று நளாயினியால் பிரிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்த மனுஷர் பள்ளத்திலிருந்து எழுந்து நடந்திருக்கிறார். மணலால் அது முடியாது.

திருவாழியிடம் அந்தச் சிவப்பு இழையைக் காட்டினாள். கணக்கில் ஓர் ஓட்டை என்று வெளியே தெரிந்தால் ஊர் தாங்காது, ஆனால் நீங்கள் கேட்டதற்காக ஒன்று செய்கிறேன் என்றார். மேடுகளுக்குள்ளே காலி வீடு ஏதாவது இருந்தால், பள்ளத்திலிருந்து ஒருவரை அங்கே ஏற்றலாம். அதனால் யாரும் புதிதாகப் பள்ளத்தில் விழ மாட்டார்கள். நிரலைக் கேட்டதில், ஒன்பதாயிரத்தில் அப்படி ஒரே ஒரு வீடு இருப்பதாகச் சொன்னதாம். ஆளையும் அதுவே தேர்ந்தெடுத்து உத்தரவு அனுப்பிவிடும் என்றார். ஒன்றாவது கிடைத்ததே என்று நளாயினி வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரம். அவள் கதவை யாரோ தட்டினார்கள்.

முதலில் பக்கத்து வீட்டில் தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். மறுபடி தட்டியதும் போய்த் திறந்தாள். ஐம்பத்தைந்து வயசுக்கு ஓர் அம்மாள். தள்ளுவண்டியில் அடுப்பு, இரண்டு மூட்டை, துணியில் சுற்றிய அந்தோணியார் சுரூபம். நளாயினியைப் பார்த்ததும் அந்த அம்மாள் திகைத்துப்போய், கையிலிருந்த தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"வீடு காலியாக் கெடக்குன்னு சொன்னாவ. ஏழாவது அடுக்ககம், நாப்பத்திநாலு. இது இல்லியா?"

நளாயினி தாளை வாங்கிப் பார்த்தாள். அமலோற்பவம், இருபதாவது அடுக்ககம். ஒதுக்கப்படும் வீடு, ஏழு, நாற்பத்துநாலு. நிலை: காலி. நாலு வருஷமாகக் காலி.

நடந்தது என்ன என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. வாசல் கண்ணில் பூஜ்யம் என்று வந்தால், பள்ளத்தில் அது ஒரு தனியாள். மேட்டில் பூஜ்யம் வர வழியே இல்லை. வந்தால் அங்கே ஆள் குடியில்லை என்று அர்த்தம். அந்த வரியையும் அவள்தான் எழுதினாள். பணியாளர்களின் வீட்டுப் பட்டியல் வேறு அலுவலகத்தில் இருந்ததால், நிரலுக்கு மறுத்துச் சொல்ல ஆளில்லை. திரையில் தன் வீட்டை அவள் ஒரு தடவைகூடத் தேடிப் பார்த்ததில்லை. ஆக, அவள் வீடு பள்ளத்தில் இல்லை. ஏழாவது அடுக்ககத்துச் சிவப்பின் நட்ட நடுவில் இருந்தது.

அந்த நாலு வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். விதி சொன்னபடி ஜனங்கள் வரத்தான் செய்தார்கள். முதல் மாதம் எதிர்வீட்டிலிருந்து பனங்கிழங்கு வந்தது. கதவைப் பாதி திறந்து, வேலை இருக்கிறது என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு இருந்தாள். லிஃப்ட்டில் பேச்சுக் கொடுப்பார்களே என்று பின்படி வழியாகவே ஏறி இறங்கினாள். விடியுமுன் அலுவலக வேன் ஏறிவிடுவாள். நாளடைவில் தட்டுவது நின்றது. தட்டியவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், புதிதாக ஆட்கள் வந்தார்கள். தனக்கு இப்படித்தான் விதித்திருக்கிறது என்று அவள் கணக்கின் மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தாள். ஒன்பதாயிரம் வீட்டில், மேட்டில் இருந்துகொண்டே அந்த விதிக்கு அடங்காதவள் அவள் ஒருத்திதான். மேட்டின் உச்சியில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறாள்.

"தப்பா வந்துட்டேன் போலிருக்கு, போறேம்மா" என்று அமலோற்பவம் வண்டியைத் திருப்பப் போனார். அந்தக் குரலில் ஏமாற்றம்கூட இல்லை. இது எப்போதும் நடப்பதுதான் என்பது போல இருந்தது.

"தப்பில்ல" என்றாள் நளாயினி. "இந்த வீடுதான். உள்ள வாங்க."

ஒரு அறையில் தான் இருப்பதாகவும் இன்னொரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றும் சொல்லி, மூட்டையை வாங்கிக்கொண்டாள். கதவை அகலத் திறந்து வைத்தால்தான் அடுப்பு உள்ளே வரும். திறந்து வைத்தாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. புதுக்குடி வந்திருக்கிறது என்று நடையெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருத்தி அடுப்பின் மறுமுனையைப் பிடித்தாள், ஒருத்தி சுரூபம் வைக்கிற பலகைக்கு ஆணி அடிக்கச் சுத்தியல் கொண்டுவந்தாள், பிள்ளைகள் உள்ளே புகுந்து ஜன்னலைத் திறந்தன. அமலோற்பவம் நடுக்கூடத்தில் நின்றபடி, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க முடியாமல் திணறினார். பேசப் பேச அழுகை வந்தது அவருக்கு. நளாயினி சுவரோடு ஒட்டி நின்றாள். ஓடிப்போய் அறைக்குள் தாழிட்டுக்கொள்ளத்தான் கால் துடித்தது. போகாமல் நின்றாள்.

எதிர்வீட்டு சகாயராணி, குடிவந்து இரண்டு வருஷம் ஆனவள், ஒரு சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து நளாயினியின் கையில் கொடுத்தாள். ஓரமாக ஒதுங்கி நின்றவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளைப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிற நல்லெண்ணத்தில் கேட்டாள்.

"நீங்களும் இப்பத்தான் குடிவந்தியளா அக்கா?"

சட்டி கையில் சுட்டது.

"ஆமா" என்றாள் நளாயினி. "இன்னைக்குத்தான்."